இந்தியாவில் தற்காப்புத் துப்பாக்கியின் வரலாறு

வீட்டையும் உயிரையும் காத்துக்கொள்வதற்காகக் குடிமக்கள் உரிமம் பெற்று வைத்திருக்கும் துப்பாக்கி தற்காப்புத் துப்பாக்கி எனப்படும். இந்தியாவில் இதனை வீட்டுக்காரர் கடைக்குச் சென்று தம் விருப்பம்போல் தேர்ந்தெடுக்க முடியாது. யார் வைத்திருக்கலாம், எந்த வகை வைத்திருக்கலாம், எத்தனை வைத்திருக்கலாம் என்பவற்றைச் சட்டமே வரையறுத்துள்ளது. இந்த ஏற்பாடு ஒரே நாளில் உருவானதன்று. இதன் பின்னால் இரு நூற்றாண்டு கால வரலாறு உள்ளது.

பாளையக்காரர் காலம்

பதினெட்டாம் நூற்றாண்டில் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளில் ஆயுதம் வைத்திருப்பது ஊர்க்காவல் கடமையோடு இணைந்திருந்தது. ஊரார் காவலுக்கென ஒரு பங்கினைக் கொடுத்தனர். அதற்கு ஈடாகக் காவல்காரர்கள் ஊரையும் பயிரையும் காத்தனர். களவு போன பொருளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பும் அவர்களுக்கு இருந்தது. வேல், வாள், வளரி ஆகியவற்றோடு நாட்டுத் துப்பாக்கிகளும் புழக்கத்தில் இருந்தன.

கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்த வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றிலும், மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரிலும் தூக்கிலிடப்பட்டனர். அதன்பின் 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். பாளையக்காரர்களின் படைப்பணி ஒழிக்கப்பட்டது, கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்களை ஒப்படைக்குமாறு ஆணையிடப்பட்டது. ஊரைக் காக்கும் பொறுப்பு படிப்படியாகக் கம்பெனி அரசின் கைக்குச் சென்றது.

உரிமை ஒரு சட்டத்தில், கருவி மற்றொரு சட்டத்தில்

1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் தற்காப்பு உரிமையை விரிவாக வகுத்தது. இரவில் வீட்டை உடைத்து நுழைபவரைத் தடுக்கும்போது அவருக்கு உயிர்ச்சேதம் ஏற்பட்டாலும், சட்டம் கூறும் வரம்புகளுக்கு உட்பட்டிருந்தால் அது குற்றமாகாது என்று 103 ஆம் பிரிவு கூறியது. தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்யக்கூடாது என்பது 99 ஆம் பிரிவின் கட்டுப்பாடு.

ஆனால் 1857 கிளர்ச்சிக்குப் பின் மக்களிடம் ஆயுதம் இருப்பதை ஆங்கில அரசு அச்சத்தோடு பார்த்தது. லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது 1878 ஆம் ஆண்டில் இந்திய ஆயுதச் சட்டம் நிறைவேறியது. இதன்படி துப்பாக்கி வைத்திருக்க உரிமம் கட்டாயமாயிற்று. ஐரோப்பியர்களுக்கோ விதிகள் வழியாக விலக்கு அளிக்கப்பட்டது. வீட்டைக் காக்கும் உரிமை இந்தியருக்கு ஏட்டில் இருந்தது. அதற்கான கருவியைப் பெற அதிகாரியின் இசைவு வேண்டியிருந்தது. அதே 1878 இல் கொண்டுவரப்பட்ட தாய்மொழிப் பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் பிரபுவின் ஆட்சி நீக்கியது. ஆயுதச் சட்டமோ நீடித்தது. விதிகளில் இருந்த இன வேறுபாடு முதல் உலகப் போருக்குப் பின்னரே நீக்கப்பட்டது.

தேசிய இயக்கத்தின் கோரிக்கை

1887 இல் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய மூன்றாம் காங்கிரசு மாநாடு, ஆயுதச் சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. இச்சட்டம் மக்களுக்குத் துன்பம் தருவதோடு அவர்களின் நேர்மைக்கு இழுக்கும் ஆகும் என்பது தீர்மானத்தின் கருத்து. அம்மாநாட்டில் பிபின் சந்திர பால் இச்சட்டத்தை எதிர்த்துப் பேசினார்.

அகிம்சையைப் போதித்த காந்தியடிகளும் இச்சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தவர். 1918 இல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் சேர்க்க வெளியிட்ட துண்டறிக்கையில் இக்கண்டனம் இடம்பெற்றது. 1930 இல் இர்வின் பிரபுவின் அரசுக்கு அவர் முன்வைத்த பதினொரு கோரிக்கைகளுள், மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத் தற்காப்புக்காகத் துப்பாக்கி உரிமம் வழங்கவேண்டும் என்பதும் ஒன்று. 1931 கராச்சி மாநாட்டின் அடிப்படை உரிமைகள் தீர்மானமும், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சேர்த்துக்கொண்டது.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. 1948 டிசம்பரில் அரசியலமைப்பு அவையில் எச். வி. காமத் இவ்வுரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. எல்லாருக்கும் உரிய உரிமையாக்கினால் குற்றவாளிகளும் அதைக் கோரக்கூடும் என்பது அவர் வாதத்தின் சாரம். திருத்தம் தோற்றது. எனவே இந்தியாவில் ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமை ஆகவில்லை. சட்டம் தரும் இசைவாகவே நின்றது.

குடகின் விதிவிலக்கு

இதில் தனித்து நிற்பது குடகு நாடு. 1861 இல் ஆணையர் மார்க் கப்பன், குடகர்களின் விசுவாசத்தைப் பாராட்டி, அவர்களுக்கு ஆயுதக் களைவிலிருந்து விலக்களித்தார். குடகு இனத்தாருக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் குறிப்பிட்ட வகைத் துப்பாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை என்ற சலுகை விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. 2019 இல் ஒன்றிய அரசு அதனை 2029 வரை நீட்டித்தது. 2021 இல் கர்நாடக உயர் நீதிமன்றம் இச்சலுகை செல்லும் எனத் தீர்ப்பளித்தது. குடகர் கொண்டாடும் கைல்போத் விழாவில் துப்பாக்கிகளுக்குப் பூ வைத்து வழிபாடு செய்வர்.

1959 ஆம் ஆண்டுச் சட்டமும் துப்பாக்கி வகைகளும்

பழைய சட்டத்தை நீக்கிய 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 1962 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நல்லொழுக்கமுள்ள குடிமகனுக்குத் தற்காப்புக்கான ஆயுதம் கிடைக்க வழி இருக்கவேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் உரிமத்தை மறுக்கக்கூடாது என 14 ஆம் பிரிவு கூறுகிறது.

எந்தத் துப்பாக்கி என்ற கேள்விக்கு 13 ஆம் பிரிவு விடை தருகிறது. பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ ஆனால், குழல் நீளம் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்வழுவழுப்பான குழல் கொண்ட துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்புக்கு ஆனால், குழலின் வாய் வழியாகக் கருமருந்தும் ரவையும் இட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. இவற்றுக்குத் தடையேதும் இல்லையெனில் உரிமம் வழங்கவேண்டும் என்றும், மற்ற வகைகளுக்குத் தக்க காரணம் இருப்பதாக அதிகாரி நிறைவடைந்தால் வழங்கவேண்டும் என்றும் சட்டம் வேறுபடுத்துகிறது.

இத்தேர்வுக்குப் பொருள் உண்டு. ரைஃபிளின் குழலுக்குள் சுருள் பள்ளங்கள் இருப்பதால் குண்டு சுழன்று நெடுந்தொலைவு செல்லும். குறி தவறினால் அப்பாலுள்ளவரையும் கொல்லும். வழுவழுப்பான குழலிலிருந்து வெளிப்படும் ரவைகளோ சிதறிப் பரவி விரைவில் வேகம் இழக்கும். குழல் நீளமாக இருப்பதால் ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதும் கடினம். வங்கிக் காவலர்களின் தோளில் காணப்படும் இரட்டைக் குழல் துப்பாக்கி இவ்வகையைச் சார்ந்தது. அதன் ‘12 போர்’ என்ற அளவுக்கு விளக்கம் இதுதான்: ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டையின் விட்டமே குழலின் உள்விட்டம். இது ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர்.

படைத்துறை பயன்படுத்தும் .303 ரைஃபிள், 9 மி.மீ. பிஸ்டல் போன்றவை தடைசெய்யப்பட்ட வகையில் வைக்கப்பட்டன. ஆகவே பொதுமக்களுக்கென அரசுத் தொழிற்சாலைகள் .32 ரிவால்வரையும் .315 ரைஃபிளையும் தயாரித்தன. 2014 இல் கான்பூர் தொழிற்சாலை, பெண்களின் தற்காப்புக்கு என்று கூறி, சுமார் 500 கிராம் எடையுள்ள ‘நிர்பீக்’ என்னும் .32 ரிவால்வரை வெளியிட்டது. அதன் விலை ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கும் மேல். பெரும்பாலான பெண்களுக்கு எட்டாத விலையில் பாதுகாப்பா என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

இன்றைய நிலை

தமிழ்நாட்டில் மாவட்டங்களில் ஆட்சியரும், மாநகரங்களில் காவல் ஆணையரும் உரிமம் வழங்குகின்றனர். 2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியையும், வீட்டில் பத்திரமாக வைக்கும் ஏற்பாட்டையும் வலியுறுத்துகின்றன. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை 1983 இல் மூன்றாகவும், 2019 திருத்தத்தால் இரண்டாகவும் குறைக்கப்பட்டது. உரிமக் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக உயர்ந்தது. தேர்தல் காலங்களில் உரிமதாரர்கள் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு கேட்கப்படுவர்.

உரிமம் என்பது வைத்திருப்பதற்கான இசைவு மட்டுமே. சுடுவதற்கான அனுமதி அன்று. உரிமம் பெற்றவர் தம் வீட்டு வாசலிலேயே சுட்டாலும், அது தற்காப்பா குற்றமா என்பதைத் தற்காப்புப் பிரிவுகளின்படியே நீதிமன்றம் ஆராயும். 1860 இல் வகுக்கப்பட்ட அப்பிரிவுகள், 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளாகத் தொடர்கின்றன.