நுகமும் கழுத்துப்பட்டையும்: கோலார் தங்கவயலின் இழுவைக் கருவிகள் குறித்து ஒரு நோக்கு

கோலார் தங்கவயலின் வரலாற்றை எழுதுவோர், ஜான் டெய்லர் நிறுவனத்தார் 1880இல் அங்குக் கால்பதித்ததையும், 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததையும் எல்லைக் கற்களாகக் கொள்வர். எந்திரங்களைச் சுரங்க வாய்க்குக் கொண்டு சேர்த்த வண்டிகளைப் பற்றிய செய்தியோ ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. பங்காருப்பேட்டை அக்காலத்தில் பௌரிங்பேட்டை எனப்பட்டது. அதன் வழியே 1864 முதல் இருப்புப்பாதை இருந்தது. அங்கிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளைப்பாதை 1894இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை, ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவை மாட்டுவண்டிகளே கடந்தன.

இழுவைக் குதிரைக்குப் பழகிய நாட்டிலிருந்து வந்த மேலாளர்கள் இங்கு எருதையே நம்பினர். குதிரையின் விலையும் தீவனமும் இதற்குக் காரணங்களாகலாம். எனினும் விலங்கைப் பூட்டும் கருவியையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நம் நாட்டு எருதுக்குத் திமில் உண்டு. அதன் முன்னே கிடக்கும் நுகத்தடியைத் தள்ளியே அது பாரம் இழுக்கிறது. ஒரு மரம், இரு முளைக்குச்சிகள், பூட்டாங்கயிறு ஆகியவை போதும். ஊர்த் தச்சர் அதனைச் செய்வார். வழியில் முறிந்தாலும் வண்டிக்காரரே சீர்செய்து கொள்வார். ஒரே நுகம் பல எருதுகளுக்குப் பொருந்தும்.

குதிரைக்குத் திமிலில்லை, அதன் ஆற்றல் தோளிலிருந்து எழுவது. மார்புக்குக் குறுக்கே செல்லும் தோல்வார் எளியது. ஜட்கா போன்ற இலகுவண்டிக்கு அது போதுமானது. பாரம் மிகுந்தால் அவ்வார் தோள்மூட்டை அழுத்தி நடையைத் தடுக்கும். ஆகவே கனத்த பாரத்திற்குப் பஞ்சடைத்த கழுத்துப்பட்டை வேண்டும். அதுவும் அந்தந்தக் குதிரையின் கழுத்தளவுக்கே அமைதல் வேண்டும். குதிரை மெலிந்தால் பட்டை உராய்ந்து புண்ணாக்கும். பழங்காலத்தார் குதிரையின் தொண்டையை நெரிக்குமாறு பூட்டியதால் பெரும்பாரம் இழுக்க இயலவில்லை என்று பிரெஞ்சு அறிஞர் லெஃபெவ்ர் தெ நொயெத் 1931இல் வாதிட்டார். பின்னர் ஸ்ப்ருய்த் என்பார் பழைய பூட்டுகளைத் தாமே செய்து ஓட்டிப் பார்த்து அக்கருத்தை மறுத்தார். ஏட்டறிவுக்கும் கைத்தொழிலறிவுக்கும் உள்ள இடைவெளியை இவ்விவாதம் நன்கு காட்டும்.

மைசூர்ப் பகுதி எருதுகளின் பெருமை படைவரலாற்றிலும் புலனாகிறது. 1791 மே மாதம் சீரங்கப்பட்டணத்தை நெருங்கிய காரன்வாலிசு, இழுக்க எருதுகளின்றித் தம் பெரும் பீரங்கிகளை அழித்துவிட்டுத் திரும்ப நேர்ந்தது. திப்புவின் படைக்கோ அமிர்தமகால் எருதுகள் துணைநின்றன.

நுகத்தைப் பற்றிய நுண்ணறிவு தமிழுக்குப் பழமையானது. நெடிய நுகத்தின் நடுவிலுள்ள ஆணியைப் பட்டினப்பாலை ‘பகல்’ என்கிறது. வணிகரின் நடுவுநிலைக்கு அதனையே உவமையாக்குகிறது. ஆணி சற்றே விலகினும் சுமை ஓர் எருதின்மேல் ஏறும் என்பதை வண்டியோட்டியவரே அறிவர். புறநானூற்றின் 102ஆம் பாடல் உப்பு வணிகர் வண்டியின் அடியில் கட்டிச்செல்லும் சேம அச்சைப் பேசுகிறது. பழுது வரும் என்று எதிர்நோக்கிச் செல்லும் இவ்வழக்கமும் எளிய நுகத்தின் பயனும் ஒரே அனுபவத்தில் விளைந்தவை.

தங்கவயலின் தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலான உழவு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். நுகமும் பூட்டாங்கயிறும் அவர்கள் வீட்டுச் சொற்கள். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அவர்களின் வழித்தோன்றல்களிடம் இத்தொழிற்சொற்கள் எந்த அளவு எஞ்சியுள்ளன என்பதைக் களஆய்வில் தொகுத்தல் இன்றைய உடனடிப் பணியாகும். பட்டினப்பாலையின் ‘பகல்’ என்னும் சொல்லுக்கு உரை காண்போருக்கும் அத்தொகுப்பு வேண்டும்.