அம்பு விடுமுன் ஓர் அறிவிப்பு

பரவையைத் தாண்டினால் மதுரை. இந்தப் பாண்டிய நாட்டைச் சங்க காலத்தில் ஆண்ட முதுகுடுமிப் பெருவழுதி ரொம்ப நியாயஸ்தன்! பசுக்கள், அந்தணர், பெண்கள், நோயாளிகள், பிள்ளை இல்லாதவர்கள் எல்லோரும் பத்திரமான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று அறிவித்துவிட்டுத்தான் அம்பு விடுவானாம். புறநானூற்றில் நெட்டிமையார் இப்படிப் பாராட்டுகிறார்.

அவசரப்பட்டுக் கைதட்டாதீர்கள்! அதே புலவர், அதே மன்னனைப் பற்றி இன்னொரு பாட்டும் பாடியிருக்கிறார். பகைவர் தெருக்களில் கழுதை பூட்டி உழுதான், விளைநிலங்களில் தேர் ஓட்டினான், காவல் குளங்களில் யானைகளை இறக்கினான். இதுவும் பாராட்டுதான்!

போரில் பொதுமக்களைக் காக்க 1949-ல் ஜெனீவா ஒப்பந்தம் வந்தது. பயிரையும் குடிநீரையும் அழிக்கக் கூடாது என்று சேர்க்க 1977 ஆகிவிட்டது. உயிர் தப்பி ஓடியவர்கள் திரும்பி வந்து எதைச் சாப்பிடுவார்கள்? முதுகுடுமியின் அறிவிப்பில் அதற்குப் பதில் இல்லை.