விழாவுக்குப் பின்: பத்து காவான் அரங்கமும் செபராங் பிறை மக்களும்

முன்னுரை

பெரும் விளையாட்டு விழாவொன்றை ஏற்று நடத்தும் மாநிலம் அவ்விழா நாள்களை மட்டும் கருதிப் பொதுப்பணத்தைச் செலவிடுவதில்லை. விழா முடிந்த பின்னரும் அரங்கமும் சாலையும் குடியிருப்பும் மக்களுக்குப் பயன்படும் என்னும் நம்பிக்கையே அச்செலவுக்கு நியாயம் கற்பிக்கிறது. அந்நம்பிக்கை எவ்வளவு நிறைவேறியது என்பதைக் காலமே காட்டும். பினாங்கு 2000ஆம் ஆண்டில் நடத்திய எட்டாவது மலேசிய விளையாட்டு விழாவையும் (சுக்மா) அதற்கெனப் பத்து காவானில் எழுந்த மாநில அரங்கத்தையும் புக்கிட் மெர்தாஜாம் வட்டார மக்களின் நிலையில் நின்று இக்கட்டுரையில் நோக்குகிறோம்.

நிலமும் உழைப்பும்

பத்து காவான், புக்கிட் மெர்தாஜாமுக்குத் தெற்கே, தென் செபராங் பிறை மாவட்டத்தில் கடலோரமாக அமைந்தது. 1800இல் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் பெற்ற இப்பெருநிலப் பகுதியில், 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. முதலில் சீனத் தியோசியூ வணிகர்களும் பின்னர் ஐரோப்பிய முதலாளிகளும் அவற்றை நடத்தினர். ஐரோப்பியர் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் பெருமளவில் கொண்டுவரப்பட்டனர். அம்முறை மலாயாவில் 1910இல் ஒழிக்கப்பட்டது. அக்காலத்தை ஒட்டிக் கரும்பின் இடத்தை இரப்பரும் பின்னர்ச் செம்பனையும் பற்றின. பயிர் மாறினும் உழைப்போர் மாறவில்லை. பள்ளி, கோயில், பந்துத்திடல் ஆகிய மூன்றும் தோட்டத்து வாழ்வின் பொது இடங்களாயின.

1990களில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் பத்து காவானைப் புதுநகராக உருவாக்கத் திட்டமிட்டது. தோட்டம் மறைந்து வரினும் அங்குள்ள தமிழ்ப்பள்ளியின் பெயரில் 'லாடாங்' என்னும் சொல் நிலைத்தது. இடம் மாறிய மக்களின் வரலாற்றுக்கு அச்சொல்லே சான்றாகும்.

அரங்கம் முந்தியது, ஊர் பிந்தியது

சுக்மா 1986இல் தொடங்கி, ஈராண்டுக்கொரு முறை நடைபெற்று வரும் விழாவாகும். அதனைப் பினாங்கு ஏற்றபோது, ஏறத்தாழ 40,000 பேர் அமரத்தக்க அரங்கம் பத்து காவானில் எழுப்பப்பட்டது. வசதிகள் யாவும் தீவிலேயே குவிந்திருந்த மாநிலத்தில், பெருநிலத்திற்கு இவ்வரங்கத்தை அளித்தது முறையான முடிவே எனலாம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் செபராங் பிறையின் தொகை தீவினுடையதை விஞ்சி நின்றதும் ஈண்டு எண்ணத்தக்கது.

ஆயின் நோக்கம் ஒன்றாகவும் விளைவு வேறாகவும் அமைந்தன. பட்டர்வொர்த்திலிருந்து தெற்கே செல்லும் இரயில் பாதை புக்கிட் மெர்தாஜாம், சிம்பாங் அம்பாட், நிபோங் திபால் வழியே செல்கிறது. அரங்கத்தை அது தொடுவதில்லை. சொந்த வாகனம் இல்லாத குடும்பத்தின் பிள்ளை மாலைப் பயிற்சிக்கு அங்குச் சென்று வருவது எளிதன்று. அரங்கத்தைச் சுற்றிக் குடியிருப்பும் அப்போது பெருகவில்லை. பினாங்குக் காற்பந்துக் குழுவும் பெரும்பாலும் ஜார்ஜ்டவுன் நகர அரங்கத்தையே தன் தாயகமாகக் கொண்டது. பத்து மௌங்கையும் பத்து காவானையும் இணைக்கும் 24 கிலோமீட்டர் நீள இரண்டாம் பாலம் 2014 மார்ச் 1இல் திறக்கப்பட்டது. தொழிற்பேட்டையும் வணிக வளாகங்களும் அதன் பின்னரே விரைந்து வளர்ந்தன. விழாவுக்கும் பாலத்துக்கும் இடைப்பட்ட 14 ஆண்டுகளில் ஒரு தலைமுறை மாணவர் பள்ளிக் கல்வியை முடித்து வெளியேறினர்.

புக்கிட் ஜாலில் தரும் ஒப்புமை

இதனைக் கோலாலம்பூரின் புக்கிட் ஜாலிலோடு ஒப்பிடுதல் பொருந்தும். அதுவும் முன்னர்த் தோட்டமே. 1998 செப்டம்பரில் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்கு முன்னரே, அவ்வாண்டு ஜூலையில், இலகு இரயில் அவ்வட்டாரத்தை அடைந்தது. வீரர் தங்கிய குடியிருப்பு பின்னர்ப் பொதுமக்களின் வீடாயிற்று. தேசிய அரங்கம் 2017 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியிலும் முதன்மைக் களமாக விளங்கியது.

எனினும் இவ்வெற்றியிலும் ஒரு குறை உண்டு. அத்தோட்டத்தில் எஞ்சிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், போட்டி முடிந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியும், தாம் வாழ்ந்த நிலத்தில் வீட்டுமனை வேண்டிப் போராட நேர்ந்தது. வட்டாரம் வளம் பெற்றமையால் மட்டும் அதில் முன்னரே வாழ்ந்தோர் வளம் பெறுவர் என்று கொள்ள இயலாது என்பதை இது உணர்த்துகிறது.

இலண்டன் மாநகர் 2012 ஒலிம்பிக்குக்கு மூன்றாண்டுகள் முன்னரே, பூங்காவின் பிற்காலப் பயனைக் கவனிக்கத் தனி நிறுவனம் அமைத்தது. வீரர் குடியிருப்பின் ஏறத்தாழ 2,800 வீடுகளில் பாதியளவு குறைந்த வருவாயினருக்கு எட்டும் வகையில் ஒதுக்கப்பட்டது. அரங்கத்தை மாற்றியமைத்த செலவு மதிப்பீட்டைக் கடந்தது உண்மையே. ஆயினும் பயனுக்குரியோர் யாவர் என்பது விழாவுக்கு முன்னரே எழுத்தில் இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் நாம் பெறும் முடிவு ஒன்றே. விழாவின் நிலைத்த பயன் அரங்கத்தின் அளவைப் பொறுத்ததன்று. விழாவுக்கு முன் எடுக்கப்படும் முடிவுகளின் வரிசையைப் பொறுத்தது. போக்குவரத்து முதலில் வரவேண்டும்; அருகிலுள்ள பள்ளிகள் ஓடுபாதையையும் திடலையும் பயன்படுத்தும் நாளும் நேரமும் உடன்படிக்கையாக எழுதப்பட வேண்டும்; பராமரிப்புக்கான பணம் கட்டுமானச் செலவோடு ஒதுக்கப்பட வேண்டும்; நிலத்தை விட்டகன்றோரின் வீட்டுரிமை விழாத் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும்.

மலேசியா 2027இல் மீண்டும் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியை நடத்த ஏற்றுள்ளது. திட்டங்கள் வகுக்கப்படும் இவ்வேளையில், தம் மாணவர் எத்தனை பேர் எந்தத் திடலில், எவ்வழியே சென்று பயிற்சி பெறுகின்றனர் என்பதைத் தமிழாசிரியர்கள் பதிவு செய்து வைத்தல் நன்று. அத்தகைய பதிவு கையில் இருந்தால், விழாவுக்குப் பின் எழும் வினாக்களை விழாவுக்கு முன்னரே எழுப்ப நம்மால் இயலும்.