எண்ணெய் குடித்த தரை

எர்ணாவூர் பக்கம் ஏதாவது சிமெண்ட் தரையில் கறுப்புத் திட்டு பார்த்தால், பைக் ரிப்பேர் பண்ணப்போ சிந்தின ஆயில்னு உடனே முடிவு கட்டிடாதீங்க மக்களே. அங்கே சில கறைகளுக்குத் தேதி உண்டு.

2017 ஜனவரி 28 அதிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம்னு ரெண்டு கப்பல்கள் மோதின. கடலுக்குப் பாதிப்பு இல்லைன்னுதான் முதலில் அறிக்கை வந்தது. கொஞ்ச நேரத்திலேயே எர்ணாவூர் பாரதியார் நகர் கரையில் தார்க்குழம்பு மாதிரி ஒதுங்க ஆரம்பிச்சது. உறிஞ்சும் லாரிகள் திணற, கடைசியில் வாளிதான் கைகொடுத்தது. அள்ளினதை எண்ணெய் தின்னும் பாக்டீரியா விட்டு மக்க வைத்தார்கள்.

அது கரையோடு நின்றது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் வீட்டுக்குள்ளேயே வந்தது. மணலி சி.பி.சி.எல். ஆலைப் பக்கமிருந்து பக்கிங்ஹாம் கால்வாய், கொசஸ்தலையாறுன்னு பரவின எண்ணெய். இந்த முறையும் முதல் பதில் "குழாயில் கசிவே இல்லை" என்பதுதான் :-) பிறகு மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், மற்ற குடும்பங்களுக்கு 7,500 ரூபாய்னு அரசு நிவாரணம் அறிவித்தது. தண்ணி வடிஞ்சும் சுவரில் கறுப்புக் கோடு, தரையில் பிசுபிசுப்பு.

ஏன் அவ்வளவு சுலபத்தில் போவதில்லை? காங்கிரீட் பார்க்கத்தான் கல், உள்ளே பஞ்சு. கலவையில் மிஞ்சின தண்ணி ஆவியாகிப் போன வழியெல்லாம் முடியைவிட மெல்லிய துளைகள். அதில் எண்ணெய் இறங்கிவிடுகிறது. மண்ணெண்ணெய் ஊத்தித் தேய்த்தால் இளகி இன்னும் ஆழமாப் போகும். பாத்ரூம் ஆசிட் அதைவிட மோசம். நுரைக்குதே, அது எண்ணெய் கரையறது இல்லை, சிமெண்ட் கரையறது. மேல்தோல் உரிஞ்சு தரை வெளுப்பாத் தெரியும். அடுத்த கறைக்கு இன்னும் நல்லா வாய் திறந்திருக்கும். வெள்ளம் வடிஞ்ச வீட்டில் பிளீச்சிங் பவுடர் வேறு தூவியிருப்பார்கள். அதன் மேல் ஆசிட் பட்டால் குளோரின் வாயு. மூடின அறையில் ஆளையே சாய்த்துவிடும்.

சரியான வழி பொறுமையானது. முதலில் சுரண்டி எடுக்கணும். மரத்தூளோ காய்ந்த மணலோ பரப்பி, ஒரு நாள் விட்டுப் பெருக்கணும். அப்புறம் கையுறை போட்டுக்கொண்டு, சலவை சோடாவைச் சுண்ணாம்புக்கல் தூளோடு வெந்நீரில் குழைத்துப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி, மறுநாள் தாளை எடுத்துக் காயவிடணும். காயக் காய, எண்ணெய் மேலே ஏறிப் பூச்சுக்குள் வரும். உரித்துவிட்டு பிரஷ்ஷால் தேய்க்கணும். பழைய கறைக்கு மூணு நாலு தடவை ஆகும். முழுசா வெளுக்காது; வழுக்காது, அவ்வளவுதான்.

எனக்கு இடிக்கிறது இதற்கு அடுத்த படி. தேய்த்த தண்ணியைச் சாக்கடையில் விட்டால் அது திரும்பக் கால்வாய் வழியா அதே கழிமுகத்துக்குத்தான் போகும். 2017இல் கரையில் அள்ளினதுக்காவது பாக்டீரியா இருந்தது. ஒரு வீட்டில் மிஞ்சுகிற ரெண்டு மூட்டை எண்ணெய் மரத்தூளை எந்த வண்டியில் போடுவது?