அரசன் மரமும் குழந்தை மரமும்

பேரக் குழந்தைகளுக்கு எதைக் கொடுப்பது என்பது தாத்தா பாட்டிகளுக்கு என்றும் தீராத பிரச்னை. மிட்டாய் அன்றைக்கே கரைந்துவிடும். சட்டை ஆறு மாதத்தில் சிறுத்துவிடும். பணம், கொடுத்தவரின் முகத்தை நினைவில் வைத்துக் கொள்வதே இல்லை. கையால் செய்த ஒரு மரப்பெட்டி அப்படியல்ல. முதலில் அதில் புளியங்கொட்டையும் சோழியும் இருக்கும், அப்புறம் பாசிமணி, அதற்கும் அப்புறம் ஒருவருக்கும் காட்டாத கடிதங்கள். குழந்தையோடு கூடவே வளர்கிற பரிசு அது.

பெட்டி என்றதும் பலருடைய மனம் சந்தனப் பெட்டியைத்தான் நாடும். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சந்தன மரத்தின் வெளிப்பகுதி வெளுத்து, மணமற்று இருக்கும். உள்ளே வைரம் பாய்வதற்குப் பத்து ஆண்டுகளாவது ஆகும். நன்றாக முற்ற இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் வேண்டும். அந்த வைரத்தில் ஊறும் எண்ணெய்க்குப் பூச்சி அஞ்சும். நெருங்கிய இழையாதலால் உளி இழுத்த இடத்தில் கோடு வழுக்காமல் நிற்கும். மைசூர் நாட்டில் சாகர், சொரப் என்ற ஊர்களில் இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் குடிகார் என்னும் மரபினர். வாசகர்கள் அவசரப்பட்டுவிடக் கூடாது. கன்னடத்தில் குடி என்றால் கோயில். கோயில் வேலை செய்தவர்கள் ஆதலால் அந்தப் பெயர். அவர்கள் செதுக்கிய சந்தனப் பெட்டிகள் கடல் கடந்தும் போயின.

ஆனால் தருமபுரிச் சீமைக்காரன் சந்தனப் பெட்டி என்று சொல்லுமுன் சற்றுத் தயங்க வேண்டியிருக்கிறது. தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் வழியில் உள்ள இண்டூரை எடுத்துக் கொள்ளுங்கள். கேழ்வரகும் அவரையும் விளையும் மேட்டு நிலம். இந்தப் பகுதி ஒரு காலத்தில் பாராமகால் என்று பெயர் பெற்று, மைசூரை ஆண்ட ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் ஆட்சியில் இருந்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கும்பினியாரின் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் ரீடு நிர்வாகத்துக்கு வந்தார். அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ 1799 வரையில் இந்தச் சீமையில் நிலத்தை அளந்து வரி விதித்துக் கொண்டிருந்தார்.

அதே 1792இல்தான் திப்பு, சந்தனத்தை அரச மரம் என்று அறிவித்தார். ஆலும் அரசும் என்கிறோமே, அந்த அரச மரம் அன்று, அரசனுக்குரிய மரம். யார் நிலத்தில் முளைத்தாலும் அது அரசனுடையது. திப்புவுக்குப் பின் வந்த மைசூர் அரசர்களும் அந்த உரிமையை விட்டுவிடவில்லை. இந்தப் பக்கத்திலோ, 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காட்டுச் சந்தனம் சர்க்கார் சொத்தாயிற்று. கொடி மாறியது, மகுடம் மாறியது. மரத்தின் மேல் வைத்த கை மாத்திரம் மாறவில்லை.

மைசூரில் வெட்டிய சந்தனம் வெகு காலம் ஏலத்தில் போய், ஜெர்மனியில் எண்ணெயாக வடிக்கப்பட்டது. 1914இல் மூண்ட மகாயுத்தம் அந்த வழியை அடைத்தது. விசுவேசுவரய்யா திவானாக இருந்த காலத்தில், 1916இல், மைசூரிலேயே சந்தன எண்ணெய்த் தொழிற்சாலை ஏற்பட்டது. சந்தன சோப்பு உண்டான கதை இதுதான்.

ஒரு பொருள் விலை ஏறி, அதைத் தொடக் கூடாது என்று சட்டமும் இருந்தால், இரவில் அதைத் தொடுகிறவர்கள் புறப்பட்டு விடுவார்கள். காவிரிக்கு இரு கரையிலும் உள்ள காடுகளில் சந்தனக் கடத்தல் ஒரு தனி ராஜ்யமாகவே நடந்தது. அதன் பெரும் பெயரான வீரப்பன், இண்டூருக்குத் தொலைவில்லாத பாப்பாரப்பட்டியை அடுத்து 2004 அக்டோபர் 18 அன்று சுட்டுக் கொல்லப்பட்டான். சுப்பிரமணிய சிவா 1925இல் கண்மூடிய அதே பாப்பாரப்பட்டிதான். ஓர் ஊருக்கு எத்தனை விதமான நினைவுகள்!

அதைவிடக் கொடிய நினைவு ஒன்று அரூர் பக்கத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று, கடத்திய சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் வாச்சாத்தி என்ற மலைவாழ் மக்களின் கிராமத்தில் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். தானியத்தைப் பாழாக்கினார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வழக்கு முடிய ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று தீர்ப்பளித்தது. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்து போயிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

சந்தன மரத்துக்கு ஓர் இயல்பு உண்டு. தன் வேரை அண்டை மரங்களின் வேரில் பொருத்தி அவற்றிடமிருந்து உணவை உறிஞ்சித்தான் அது வளரும். அதன் சரித்திரத்தைப் படிக்கும்போது இது தாவர நூல் செய்தியாக மாத்திரம் எனக்குத் தோன்றவில்லை.

இண்டூர்ப் பக்கத்தில் தம் பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி செய்து கொடுத்து வரும் முதிய ஆசாரி ஒருவரிடம், "சந்தனத்தில் ஒன்று செய்யக் கூடாதா?" என்று கேட்டேன்.

"செய்யலாமுங்க ஐயா. பெட்டி மணக்கும். செக்போஸ்ட் வரைக்கும் மணக்கும்," என்றார் அவர், இழைப்புளியை நிறுத்தாமலே.

சட்டம் இப்போது தளர்ந்திருக்கிறது. 2001இல் கர்நாடகமும் 2002இல் தமிழ்நாடும், பட்டா நிலத்தில் வளர்த்த சந்தனம் வளர்த்தவருக்கே உரியது என்று திருத்தம் செய்தன. ஆனாலும் வெட்டவும் விற்கவும் வனத்துறையின் கையை எதிர்பார்க்கத்தான் வேண்டும். ஆசாரியின் கையில் இருந்தது பாலை மரம்; வெட்பாலை என்றும் சொல்வார்கள். வறண்ட கரட்டில் யாரும் நடாமலே முளைப்பது; தந்தம் போல் வெளுத்தது; இழைத்தால் வழுவழுப்பாகும். அதற்கு எந்த அரசனும் ஆணை போடவில்லை.

போடவில்லை என்றாலும், அந்த மரத்திலும் திப்புவின் பெயர் ஒட்டிக் கொண்டிருக்கிறது. பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையில் சென்னபட்டணம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பாலை மரத்தைக் கடைசலில் ஏற்றிப் பொம்மையும் குங்குமச் சிமிழும் செய்கிறார்கள். சுழலும் மரத்தில் வண்ண அரக்குக் குச்சியை அழுத்த, உராயும் சூட்டில் அரக்கு உருகி ஒட்டுகிறது. தாழை ஓலையால் தேய்க்க, பளபளக்கிறது. இந்த வேலையைக் கற்பிக்கப் பாரசீகத்திலிருந்து கைவினைஞரை வரவழைத்தவர் திப்புதான் என்பது வழிவழியாக வரும் பேச்சு. பேச்சு மெய்யானால், அந்த ஒரே மனிதர் மணக்கும் மரத்தைப் பூட்டினார்; மணமில்லாத மரத்தைக் குழந்தைகளுக்குத் திறந்துவிட்டார். முதலாவதனால் கஜானா நிறைந்தது. இரண்டாவதனால் ஓர் ஊர் இன்றுவரை சாப்பிடுகிறது.

ஆசாரியின் பெட்டிக்கு அரக்கும் இல்லை. பச்சை மரம் பிளந்துவிடும் என்பதால் பலகையை மாதக் கணக்கில் நிழலில் உலர்த்துகிறார். மூலைகளில் ஆணி அடிப்பதில்லை. புறாவின் வால் போல வெட்டி ஒன்றுக்குள் ஒன்றைப் பூட்டுகிறார். உப்புத்தாள் தேய்த்து, தேன்மெழுகு பூசி, பித்தளைக் கீல் இரண்டு வைக்கிறார். அடிப்பலகையின் உட்புறத்தில் பேரனின் பெயரையும் பிறந்த ஆண்டையும் உளியால் வெட்டுகிறார்.

அதைத் திறந்து நான் முகர்ந்து பார்த்தேன். மெழுகின் வாசனை லேசாக இருந்தது. அதுவும் சில நாளில் போய்விடும். போகட்டும். பெட்டியைத் திறக்கிற குழந்தை மரத்தின் சரித்திரத்தைக் கேட்கப் போவதில்லை. எப்போதாவது கேட்டால், கூசாமல் சொல்லக் கூடிய சரித்திரமாக அது இருக்க வேண்டும். இண்டூர்ப் பாலை மரத்துக்கு அந்தப் பெருமை உண்டு.