பார்வை மாற்றுத்திறனாளி ஊழியர்களின் உதவிக் கருவிகள்: செலவை ஏற்பது யார்?

பார்வையற்ற ஊழியர்கள் கணினியில் பணிபுரிய, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் இன்றியமையாதது. 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட 'என்விடிஏ' மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. ஆனால், விரலால் தடவிப் படிக்க உதவும் பிரெயில் திரைக் கருவியின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடும்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு இத்தகைய கருவிகளை அந்தந்தத் துறைகளே வழங்கலாம் அல்லது அவற்றின் விலையைத் திருப்பித் தரலாம் என்று பணியாளர், பயிற்சித் துறை 2014 மார்ச் 31-இல் அறிவுறுத்தியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 20-ஆவது பிரிவு, நியாயமான பணி ஏற்பாடுகளைச் செய்து தருவதை அரசு நிறுவனங்களின் கடமையாக்கியது.

தனியார் துறையில்தான் சிக்கல். 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் தங்கள் சமவாய்ப்புக் கொள்கையில் உதவிக் கருவிகள் குறித்தும் குறிப்பிட வேண்டும் என்கின்றன 2017-ஆம் ஆண்டு விதிகள். எவ்வளவு செலவிட வேண்டும் என்ற வரையறை அவற்றில் இல்லை.

மத்திய அரசின் உதவிக் கருவிகள் வழங்கும் 'ஏடிஐபி' திட்டத்தில், மாத வருமானம் ரூ.22,500 வரை உள்ளோருக்கு முழு உதவியும், ரூ.30,000 வரை உள்ளோருக்குப் பாதி உதவியும் கிடைக்கும். அதற்கு மேல் ஊதியம் பெறுவோர், நிறுவனம் முன்வராவிட்டால், சொந்தப் பணத்தில்தான் கருவி வாங்க வேண்டும்.