கண்டதும் கேட்டதும்: ஐ.என்.ஏ. வீரர்களின் வாய்மொழி வரலாறு

போர்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர், அதை அறிந்தவர்களை நேரில் தேடிச் சென்று வினவும் வழக்கம் முஸ்லிம் உலகிற்குப் புதிதன்று. மதீனாவில் பிறந்து ஹிஜ்ரி 207இல் பக்தாதில் மறைந்த வாகிதீ, ஸஹாபாக்களின் வழித்தோன்றல்களையும் ஷஹீதானோரின் குடும்பத்தாரையும் கண்டு, இன்னார் எவ்விடத்தில் வீழ்ந்தார் என்று விசாரிப்பார். பின்னர் அவ்விடத்திற்கே சென்று பார்ப்பார். தோற்பையில் தண்ணீருடன், ஹுனைன் போர்க்களத்தைக் காண அவர் மக்காவிலிருந்து புறப்பட்டதைப் பார்த்த ஒருவரின் அறிவிப்பும் உண்டு. இத்தனை உழைப்பிருந்தும் ஹதீஸ் கலை வல்லுநர் பலர் அவரைப் பலவீனமானவர் என்றே ஒதுக்கினர். பலரிடம் கேட்டவற்றை ஒரே கதையாகக் கோத்து, எச்சொல் எவருடையது என்று பிரித்தறிய இயலாதவாறு செய்துவிட்டார் என்பது அவர்மீது கூறப்பட்ட குறைகளுள் ஒன்று.

இக்குறையின் கனம் நமக்கு விளங்கியது, மயிலாப்பூரை அடுத்த மந்தைவெளியில் ஒரு முதியவரின் முன்னே அமர்ந்திருந்தபோதுதான். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றிய தமிழ் முஸ்லிம்களைப் பற்றி நூலொன்று எழுதும் எண்ணத்துடன், இருபது ஆண்டுகளுக்கு முன்னர் அவரைத் தேடிச் சென்றோம். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து சிறுவயதில் மலாயாவுக்குக் கடைவேலைக்குப் போனவர். 1943இல் படையில் சேர்ந்தவர். மூன்று மாலைப்பொழுதுகள் பேசினார். 1944 ஏப்ரல் 14இல் மணிப்பூரின் மொய்ராங்கில் ஷவுகத் மாலிக் கொடியேற்றிய காட்சியை அவர் விவரித்தபோது, நாமும் அங்கே நிற்பது போலிருந்தது. ஆனால், அவ்வாண்டின் மழைக்காலத்தில்தான் தாம் பர்மாவுக்கு ரயிலேறியதாக முதல் நாள் அவரே சொல்லியிருந்தார். “இது தாங்கள் கண்டதா, கேட்டதா?” என்று வினவினோம். சற்று நேரம் பேசவில்லை. “பார்க்கலை ஹஜ்ரத். கூட இருந்தவன் சொன்னான். சொல்லிச் சொல்லி நான் பார்த்த மாதிரியே ஆயிடுச்சு.”

அவர் பொய் சொன்னார் என்று எவரும் எண்ணலாகாது. ‘ஹத்தஸனீ’ என்பதற்கும் ‘அன்’ என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை, அதாவது நேரே கேட்டேன் என்பதற்கும் இன்னாரிடமிருந்து வந்தது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை, மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பாடம் நடத்துபவர்கள் நாம். முதல் இரு நாட்களும் அக்கேள்வியைக் கேட்க மறந்தது நமது பிழை.

இத்துறையில் வந்த பெயர்பெற்ற நூல்களுள் ஒன்று பீட்டர் வார்டு ஃபே 1993இல் வெளியிட்ட ‘மறக்கப்பட்ட படை’. பிரேம் சாகல், கேப்டன் லட்சுமி ஆகிய இருவரின் நினைவுகளே அதன் முதுகெலும்பு. அருமையான நூல்தான். எனினும் இருவரும் அதிகாரிகள். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற மருத்துவருக்குக் கிடைத்த செவி, தோட்டத்துப் பால்மரத் தொழிலாளிக்கும் கடைச் சிப்பந்திக்கும் எளிதில் கிடைக்கவில்லை. ஆஸாத் ஹிந்த் அரசின் ஆலோசகர் பட்டியலில் இடம்பெற்ற கரீம் கனியை நம்மவருள் சிலரேனும் அறிவர். வக்கம் அப்துல் காதர் 1943 செப்டம்பர் 10இல் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்படுவதற்கு முன் தம் தந்தைக்கு எழுதிய கடிதம் எஞ்சியிருக்கிறது. சென்ட்ரல் அருகிலிருந்த அச்சிறை 2009இல் இடிக்கப்பட்டுவிட்டது. கடிதம் எழுதாதவர்களுக்கு வாய்மொழி ஒன்றே ஆவணம்.

அவ்வாய்மொழியையும் வேறொரு தேவை வளைத்தது. 1972இல் தொடங்கிய தியாகிகள் ஓய்வூதியத் திட்டத்தில், சிறைப் பதிவேடு கிடைக்காதவர்கள் உடனிருந்த கைதிகளின் சான்றிதழைக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒருவர் நினைவுக்கு மற்றவர் சாட்சி. நல்ல ஏற்பாடுதான், ஆனால் மனுவுக்காகப் பலமுறை சொன்ன கதை, மனுவின் வடிவத்திலேயே உறைந்துவிடும். மந்தைவெளிப் பெரியவரும் சிறைவாச நாட்களைத் தேதி பிசகாமல் ஒப்பித்தார். பசியைப் பற்றிக் கேட்டபோதுதான் தடுமாறினார். அத்தடுமாற்றத்தையே நாம் அதிகம் நம்பினோம்.

மூன்றாம் நாளுக்குப் பின் குறிப்பேட்டைத் திருப்பி, கண்டதற்குக் ‘கா’ என்றும் கேட்டதற்குக் ‘கே’ என்றும் ஓரத்தில் பென்சிலால் குறித்தோம். கேட்டதாயின் சொன்னவர் பெயரும் ஊரும் வேண்டும். மொய்ராங்கைச் சொன்ன தோழர் பெயரை அவர் நினைவுகூர்ந்தார். தஞ்சாவூர் பக்கம் என்பதற்குமேல் ஊர் தெரியவில்லை. எஞ்சிய பக்கங்களை ரமளானுக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். பெருநாள் கழித்துச் சென்றபோது வீட்டில் கத்தம் ஓதிக்கொண்டிருந்தார்கள். குறிப்பேட்டில் பதினொரு பக்கங்களுக்கு இன்னமும் குறியில்லை. நூலில் அவற்றைச் சேர்க்கவில்லை.